ஸ்ரீ வருணா குடியிருப்புக்கு பம்பு வந்த கதை

பெரியேரி நகர் என்ற பெயரைக் கேட்டாலே அங்கே முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் புரிந்துவிடும். அங்கே வீடு வாங்கியவர்களுக்கு மட்டும் புரியவில்லை. ஏரிக்குள் ஓர் அடுக்குமாடியைக் கட்டி, அதற்கு ஸ்ரீ வருணா என்று மழைக்கடவுளின் பெயரையும் வைத்துவிட்டு, பேஸ்மென்ட்டில் ஏன் தண்ணீர் வருகிறது என்று வருஷா வருஷம் கூட்டம் போட்டு யோசிக்கிற ஜனங்கள் அவர்கள்.

அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தாண்டவமூர்த்தி. தனக்கு மூளை கொஞ்சம் மட்டு என்பது அவருக்கே தெரியும், அதை அவர் மறைத்ததும் இல்லை. "நான் ஒண்ணும் பெரிய புத்திசாலி இல்லீங்க" என்று சொல்லித்தான் தேர்தலில் ஓட்டுக் கேட்டார். நம்மை மாதிரியே ஒருவர் கிடைத்தாரே என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

இந்த வருஷம் அந்தத் தண்ணீர் அவருக்குச் சொந்தப் பிரச்சினையாகிவிட்டது. மகள் சுபாஷினிக்கு வரன் அமைந்திருந்தது. கார்த்திகையில் நிச்சயதார்த்தம். ஊரில் ஒரு மண்டபம்கூடக் காலி இல்லாததால், "எங்க பேஸ்மென்ட்டே மண்டபம் மாதிரிதான்" என்று வாயை விட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா சண்முகவேலு சாத்தூர்க்காரர். இடம் பார்க்க வந்தவரின் ஒரு செருப்பை பேஸ்மென்ட் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"இந்தா பாருங்க, தரை காஞ்சு கிடந்தா தட்டு மாத்துவோம். ஈரத்துல நின்னு என்னால சம்பந்தம் பேச முடியாது" என்று ஒற்றைச் செருப்போடு சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி பிறந்தால் நல்ல காரியம் கிடையாது. தை பிறந்தால் மாப்பிள்ளை துபாய்க்குக் கிளம்பிவிடுவான். ஆக, பேஸ்மென்ட் காய்ந்தால்தான் மகளுக்குக் கல்யாணம்.

தாண்டவமூர்த்தி, சங்கத் தலைவி சௌந்தரவல்லி, பொருளாளர் குப்புராஜ் மூவரும் பம்பு வாங்கக் கடைக்குப் போனார்கள்.

"தண்ணி எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"முட்டி வரைக்கும்" என்றார் தாண்டவமூர்த்தி.

"யாரோட முட்டி?" என்று குறுக்கே புகுந்தார் குப்புராஜ். அவர் பனைமர உயரம். சௌந்தரவல்லியோ அவர் இடுப்புக்குத்தான் வருவார். "தலைவி முட்டிக்கு வாங்கினா பம்பு சின்னதாப் போயிடும். என் முட்டிக்கு வாங்கினா பெருசாப் போயிடும்."

"சங்கத்துல தலைவி முட்டிதான் கணக்கு" என்றார் சௌந்தரவல்லி.

கடையில் நாற்காலி போட்டு விவாதம் நடந்தது. கடைசியில் நடுவாந்தர உயரமான தாண்டவமூர்த்தி வேட்டியைத் தூக்கிக் காட்ட, கடைக்காரர் அந்த முட்டியைப் பார்த்து ஒரு பம்பை எடுத்து வைத்தார். தன் உடம்பில் ஒரு பாகமாவது ஊருக்கு உபயோகப்பட்டதே என்று தாண்டவமூர்த்திக்குப் பெருமையாக இருந்தது.

"பேஸ்மென்ட்ல தாழ்வான இடமாப் பாத்துக் குழி வெட்டி, இதை உள்ள எறக்குங்க" என்றார் கடைக்காரர். "குழியில தண்ணி ஏறினா இந்த மிதவை மேல வரும், மோட்டார் தானா ஓடும். தண்ணி எறங்கினா தானா நிக்கும். பைப்பைக் கட்டடத்துக்கு வெளியே விட்டுடுங்க. அப்பப்ப குழியில ஒரு வாளி தண்ணி ஊத்தி, ஓடுதான்னு பாத்துக்கோங்க. அவ்வளவுதான்."

எல்லாவற்றையும் அப்படியே செய்வதென்று மூவரும் தீர்மானித்தார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் குழி. தாழ்வான இடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குப்புராஜின் கார் நிற்கும் மூலைதான். மழை பெய்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் வந்து சேரும். கடப்பாரையோடு அங்கே போனபோதுதான் குப்புராஜுக்கு ஒரு யோசனை வந்தது.

"இங்க தண்ணி வரும் சார். புது பம்பு. முதல் மழையிலேயே நனைஞ்சுடும்."

"அதானே!" என்று பதறினார் சௌந்தரவல்லி. "எந்த மழைக்கும் நனையாத இடமாப் பாருங்க."

அப்படி ஓர் இடம் லிஃப்ட் பக்கத்தில் இருந்தது. மேடான, ஸ்ரீ வருணா பிறந்த நாளிலிருந்து சொட்டுத் தண்ணீர் பார்க்காத இடம். "அந்த மூலைதானே தாழ்வு?" என்று தாண்டவமூர்த்தி கேட்க வாயெடுத்தார். ஆனால் தனக்குச் சரியென்று பட்டதெல்லாம் இதுவரை தப்பாகத்தான் முடிந்திருக்கிறது என்ற அனுபவத்தில் வாயை மூடிக்கொண்டார். மேட்டிலேயே குழி வெட்டினார்கள்.

பைப்பைக் கட்டடத்துக்கு வெளியே விட வேண்டுமே? கார் இறங்கும் சரிவின் உச்சியில், கேட்டை ஒட்டிக் கட்டிவைத்தார்கள். அது கட்டடத்துக்கு வெளியேதான் இருந்தது. அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லவில்லை, அதனால் அது பேஸ்மென்ட்டைப் பார்த்தது.

புது மோட்டார் என்றால் பூஜை இல்லாமலா? பொட்டு வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். சௌந்தரவல்லி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் குழியில் ஊற்றினார். மிதவை எழுந்தது. பம்பு உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். மஞ்சள் தண்ணீர் பைப் வழியாக மேலே போய், சற்று நேரத்தில் சரிவு வழியாகக் கீழே இறங்கி வந்தது.

"மஞ்சளா மழை பெய்யுது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் சௌந்தரவல்லி. "கல்யாண வீடுன்னு வருண பகவானுக்கே தெரிஞ்சிருக்கு, பாருங்க."

தாண்டவமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் நிஜ மழை பிடித்துக்கொண்டது. மூலையில் தண்ணீர் ஏறி, குப்புராஜின் கார் டயரைத் தொட்டது. லிஃப்ட் பக்கத்தில் பம்பு காய்ந்து கிடந்தது.

"ஏன் ஓட மாட்டேங்குது?" என்றார் குப்புராஜ்.

"குழியில தண்ணி இருந்தாத்தானே ஓடும்?" என்றார் சௌந்தரவல்லி. "வாளி எடுத்து ஊத்தச் சொன்னாரே, மறந்துட்டீங்களா?"

குடியிருப்பே திரண்டது. மூலையிலிருந்து லிஃப்ட் வரை வரிசையாக நின்று, தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கைமாற்றி, மேட்டுக் குழியில் ஊற்றினார்கள். பம்பு ஓடு ஓடு என்று ஓடியது. தண்ணீர் மேலே போனது. சரிவு வழியாகத் திரும்பி வந்து மூலையில் நின்றது. மீண்டும் மொண்டார்கள்.

மழை விட்ட பிறகும் தண்ணீர் குறையவில்லை.

"எவ்வளவு தண்ணி பாருங்க! நல்ல வேளை பம்பு வாங்கினோம்" என்றார் மூச்சு வாங்கிய குப்புராஜ். "இது மட்டும் இல்லேன்னா இன்னிக்கு முழுகியிருப்போம்."

சரிவில் இறங்கும் தண்ணீரையும் பைப்பையும் தாண்டவமூர்த்தி மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தண்ணீர்தான் இந்தத் தண்ணீரோ? 'சே, எனக்கே புரியுதுன்னா அது எப்படிச் சரியா இருக்கும்?' என்று தலையை உதறிவிட்டு அடுத்த வாளியை வாங்கினார்.

மத்தியானம் கரண்ட் போயிற்று. பம்பு நின்றது. வாளியும் கையுமாக வரிசை திகைத்து நின்றது. மாடியிலிருந்து இறங்கி வந்தார் தாண்டவமூர்த்தியின் மனைவி மரகதம்.

"பந்தல்காரன் வந்து நிக்கிறான், நீங்க இங்க வாளி விளையாட்டு விளையாடுறீங்களா?" என்று கணவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய், கேட்டைத் தாண்டித் தெருச் சாக்கடையில் கொட்டினார். "கரண்ட் வர்ற வரைக்கும் இப்படிக் கொட்டுங்க."

பம்பு இல்லாத குறைக்கு வேறு வழியில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு எல்லோரும் தெருவில் கொட்டினார்கள். சாயங்காலத்துக்குள் தரை காய்ந்துவிட்டது.

"பம்பு கொஞ்ச நேரம் ஓய்வெடுத்துச்சு. எடுத்ததும் தண்ணி போயிடுச்சு பாத்தீங்களா!" என்று வியந்தார் சௌந்தரவல்லி. பம்புக்கு ஒரு மாலை போட்டார்கள்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. ஜமக்காளம் விரித்த பேஸ்மென்ட்டில் நாற்காலிகள், வாழை மரம், வரிசைத் தட்டுகள். சண்முகவேலு உள்ளே வந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"எப்படிய்யா?" என்றார் ஆச்சரியமாக.

"பம்பு வாங்கியிருக்கோம், சம்பந்தி" என்றார் தாண்டவமூர்த்தி.

"ஓடுறதைக் காட்டுங்களேன், ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

மூவரும் ஓரமாக ஒதுங்கிக் கலந்து பேசினார்கள். தண்ணீர் இல்லாமல் எப்படி ஓடும்? ஒரு வாளி ஊற்றினால் ஒரு வாளி நேரம்தான் ஓடும். பெண் வீட்டாருக்கு அது அழகா? குப்புராஜ் போன் போட்டுத் தண்ணி லாரியை வரவழைத்தார். லாரியின் பெரிய குழாயைக் குழிக்குள் விட்டுத் திறந்தார்கள்.

பம்பு சிங்கம் மாதிரி கர்ஜித்தது. சண்முகவேலு மெய்மறந்து குழியோரம் நின்றார். சரிவு வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. ஜமக்காளம் நனைந்து, மிதந்தது. பெண்கள் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினார்கள். தண்ணீர் மேட்டையும் எட்டி, சம்பந்தியின் புதுச் செருப்பைத் தொட்டபோது தாண்டவமூர்த்திக்கு உயிர் போய்விட்டது. போச்சு, என் பெண்ணின் கல்யாணத்தை நானே லாரி வைத்து முழுக அடித்துவிட்டேன் என்று கையைப் பிசைந்தார்.

மாப்பிள்ளை வீட்டுத் தட்டு மெதுவாக மிதந்து பெண் வீட்டுப் பக்கம் வந்தது. பெண் வீட்டுத் தட்டு அந்தப் பக்கம் போயிற்று. "தட்டு மாறிடுச்சு, தட்டு மாறிடுச்சு! கெட்டிமேளம்!" என்று நாற்காலி மேலிருந்து கத்தினார் புரோகிதர்.

சண்முகவேலு திரும்பினார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"சம்பந்தி, இவ்வளவு தண்ணியிலயும் அது பாட்டுக்கு ஓடுது பாருங்க! இப்படி ஒரு பம்பு வச்ச வீட்டுல வளந்த பிள்ளையை, பம்பு இல்லாத வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

"நீங்களும் ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றார் தாண்டவமூர்த்தி, போன உயிர் பாதி திரும்பி.

"வாங்கலாம். எங்க வீட்டுல பேஸ்மென்ட் இல்லையே. சரி, கல்யாணத்துக்குள்ள வீட்டுக்கு அடியில ஒண்ணு தோண்டிப்புடுதேன்."

தாண்டவமூர்த்திக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம் இருந்தது. "சாத்தூர்ல மழையே பெய்யாதுன்னு சொல்வாங்களே, சம்பந்தி?"

"அதனால என்ன?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார் சண்முகவேலு. "அந்த லாரிக்காரன் நம்பரைக் குடுங்க."