ஓட்டுக்குள்ளே யார்?

கடலடிச் சேற்றில் புதைந்து கிடக்கும், கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் மணலளவு ஓடுகளைப் பார்த்து, அந்தக் காலத்துக் கடல் சூடா குளிரா என்று சொல்வதுதான் லூர்துவின் ஆராய்ச்சி. உருண்டை ஓடு நிறையக் கிடந்தால் வெதுவெதுப்பான கடல். இதை நம்பி ஆய்வேடு முழுக்க எழுதி முடித்துவிட்டான். அவன் இருந்த ஆய்வுக் கப்பல் கரை சேர்ந்ததும் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்று காலை வந்தது வினை. அதே உருண்டை ஓட்டோடு வலையில் உயிருடன் சிக்கிய மிதவையுயிர்களின் மரபணுவைப் பார்த்தால், ஒன்றல்ல, இரண்டு இனம்.

பேராசிரியர் தமயந்தியிடம் போய் நின்றான்.

"வெளியே ஓடு ஒண்ணுதானே மேடம். உள்ளே மரபணு ரெண்டா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கென்ன?"

தமயந்தி ஆய்வறைக் கதவைத் திறந்தார். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டார். இருவர் உடம்பிலும் கழுத்து முதல் கணுக்கால் வரை நீல பாய்லர் சூட்.

"இவங்க எங்கே வேலை பார்க்கிறாங்க, சொல்லு."

"இதென்ன கேள்வி மேடம். பாய்லர் சூட் போட்டிருக்காங்க. எஞ்சின் ரூம்தான்."

"அங்கே எப்படி இருக்கும்?"

"அடுப்பாட்டம் கொதிக்கும்."

குள்ளமானவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, நேத்து என் குளிர்கிடங்கு வாசல்ல வந்து நின்னியே. ஐஸ்கிரீமைத் தவிர வேற எதையும் பார்க்கலையா?"

"என் எஞ்சின் ரூம்ல வெச்சிருந்தா பாயசமாக் குடிச்சிருப்பான்" என்றார் மற்றவர்.

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். லூர்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவங்க வாயைத் திறந்து சொல்லிட்டாங்க மேடம். சேத்துல கிடக்கிற ஓட்டுல மரபணுவே மிஞ்சலையே. நான் யாரைக் கேக்கிறது?"

"வலையில உயிரோட இருக்கே, அதைக் கேளு. எது சூட்டுல வாழுது, எது குளிர்ல வாழுது, ரெண்டு ஓட்டுலயும் நுணுக்கமா ஏதாவது வித்தியாசம் இருக்கான்னு பாரு. அப்புறம் சேத்துக்கு வா."

"அதுக்கு இன்னொரு வருஷம் ஆகும். பட்டமும் தள்ளிப்போகும். நான் இந்தத் தாள்ல வரைஞ்சு வெச்சிருக்கிற கடல் வெப்பக் கோடு என்ன ஆகிறது?"

தமயந்தி அந்தத் தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு லூர்து. எந்தக் கடலோடதுன்னுதான் தெரியல."