வெள்ளை அணுவுக்குள் வேலி வந்த கதை

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருக்கும் அணுக்களும் அவற்றுக்குள் குடியிருக்கும் சின்னஞ்சிறு உயிர்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வெள்ளை அணு கல்லீரல் ஓரமாகக் காவல் காத்து வந்தது. அதற்குள் இழைச்சி என்றொருத்தி இருந்தாள். உருண்டை மணிகளை ஒன்றோடொன்று கோத்து இழை செய்வது அவள் வேலை. அவள் கொழுந்தன் சுமையன். முதுகில் நஞ்சுப் பையைச் சுமந்துகொண்டு அந்த இழைமேல் நடப்பது அவன் வேலை. இழை இல்லாத இடத்தில் அவனுக்கு ஓரடி வைக்கத் தெரியாது. அவனைப் போல இன்னும் பல சுமைகாரர்கள் அங்கே இருந்தார்கள்.

பையில் இருந்தது பொல்லாத நஞ்சு. கிருமி புகுந்து கெட்டுப்போன அணு ஏதாவது வந்து உரசினால், அதன்மேல் கொட்டிக் கொல்ல வேண்டும். தவறினால் கிருமி பெருகி உடம்பையே தின்றுவிடும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் பார்க்க முடியாது. சுவர் அதிரும், அவ்வளவுதான் தெரியும். அதனால் பயம் என்றால் அப்படி ஒரு பயம் அவர்களுக்கு.

எல்லோரையும்விடச் சுமையனுக்குத்தான் பயம் அதிகம். காரணம் இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் அந்த வெள்ளை அணு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்று ஆனதில், அவன் மகள் வடிவி மற்றப் பாதிக்குள் போய்விட்டாள். இரண்டு அணுக்களும் ஒட்டியபடியேதான் கிடந்தன. தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மகள் இருந்தாள்.

“மதினி, எல்லாச் சுவருக்கும் இப்பவே வழி போட்டு வச்சிருங்க. எந்தப் பக்கம் வருவான்னு யாருக்குத் தெரியும்? நாம பிந்திட்டா எம்புள்ளையையும் சேத்துத் தின்னுருவான்” என்றான் சுமையன்.

“எல்லாப் பக்கமும் வழி இருந்தா எல்லாப் பக்கமும் ஓடுவீங்களே, கொழுந்தனாரே! உங்களுக்கு மூளை இருக்கிறதே கால்லதான்” என்று இழைச்சி கேலி செய்தாள்.

கேலி செய்தாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். நடுவிலிருந்து நாலாபக்கமும் இழையை இழுத்துக் கட்டினாள். இருந்த மணியெல்லாம் அதற்கே தீர்ந்துபோயிற்று. சுவரோரம் ஒரு தடுப்புக் கட்டக்கூட மிச்சமில்லை. முடியாது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒரு நாள் வடக்குச் சுவர் அதிர்ந்தது. வந்தது கிருமி புகுந்த அணுவேதான். இழைகளையெல்லாம் நடுவில் ஒரே முடிச்சில் கட்டியிருந்ததால் அந்த நடுக்கம் எல்லா இழையிலும் ஓடிவிட்டது. ஒவ்வொரு சுமைகாரனும் தன் காலடி நடுங்குவதைப் பார்த்துத் தன் பக்கம்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டான். “வந்துட்டான், வந்துட்டான்!” என்று ஒரே கூச்சல்.

சுமையன் நின்றது தெற்கு இழையில். மகளைத் தின்னத்தான் கிருமி வந்துவிட்டது என்று நினைத்தான். ஓடினான்.

“வடக்கே, கொழுந்தனாரே! வடக்கே! நில்லுங்க!” என்று இழைச்சி தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. ஒவ்வொருவனும் தன் பக்கத்துச் சுவருக்கு ஓடிப் பையைக் கொட்டினான். சுமையன் தெற்குச் சுவரில் போய் முட்டினான். பை வாய் திறந்து நஞ்சு முழுவதும் வெளியே கொட்டியது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அப்பா, இங்க யாருமே வரலையே. ஏம்ப்பா இப்படி எரியுது?”

பிறகு குரல் இல்லை. சுமையன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். வடக்கே எதிரி செத்துக் கிடந்தான். கிழக்கிலும் மேற்கிலும் ஒரு பாவமும் அறியாத கல்லீரல் அணுக்கள் செத்துக் கிடந்தன. தெற்கே வடிவியும் அவளோடு இருந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

இழைச்சிக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஓடியது அவன் என்றாலும் வழி போட்டது அவள்தானே. ஒவ்வோர் இழையாகப் பிடித்து இழுத்து மணி மணியாக உதிர்த்தாள். அந்த மணிகளையே சுவரையொட்டிச் சுற்றிலும் நெருக்கமாகக் கோத்து, ஒரு பைகூட நுழைய முடியாத வேலியாகப் பின்னினாள்.

“வழியே இல்லாம நான் எப்படிப் போவேன் மதினி?” என்று கேட்டான் சுமையன்.

“தொட்டுப் பாத்து, எதிரிதான்னு தெரிஞ்ச இடத்துல மட்டும் வேலியைப் பிரிப்பேன். பிரிச்ச மணியிலதான் உங்களுக்கு வழி. நீங்க கொட்டினதும் மூடிருவேன்.”

சொல்லி முடிப்பதற்குள் கிழக்குச் சுவர் அதிர்ந்தது. சுமைகாரர்கள் அலறினார்கள். இழைச்சி வேலி இடுக்கில் கைவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சுவர் உள்வாங்கியது. “சீக்கிரம் பிரிங்க, எல்லாரும் சாகப் போறோம்!” என்று பின்னால் கதறினார்கள். அவள் கையை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் கிருமி நெளிவது சுவர் வழியே கையில் தெரிந்து, வெளியே நிற்பது கெட்டுப்போன அணுதான் என்று உறுதியான பிறகே, ஒரு பை போகுமளவுக்கு வேலியைப் பிரித்து, அங்கே மட்டும் வழி போட்டாள். சுமையன் போய்க் கொட்டினான். அவன் திரும்புவதற்குள் முதுகை உரசிக்கொண்டு வேலி மூடியது. அன்று எதிரியைத் தவிர வேறு யாரும் சாகவில்லை.

அன்று முதல்தான் வெள்ளை அணுவுக்குள் எந்த இழையும் நிலையாக நிற்பதில்லை. எதிரி தொட்ட இடத்தில் மட்டும் வேலி விலகி, பைகள் போனதும் மூடிக்கொள்கிறது. சுமையனின் பயம் மட்டும் போகவே இல்லை. இப்போது அவன் பயப்படுவது தன் முதுகில் இருப்பதை நினைத்துத்தான்.