அமைச்சர் தந்த விறகு

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்காதீர்கள், ஓர் அரசருக்குத் திடீரென்று ஆசை வந்தது: விகடகவி கூத்தப்பன் கையால் பொங்கல் சாப்பிட வேண்டும்!

"வாயாலேயே பந்தல் போடுகிறவனே, உச்சிவேளைக்குள் பொங்கல் வராவிட்டால் அவையில் உனக்கு இடமில்லை."

"விறகு என் பொறுப்பு, அரசே. நான் தருவதில்தான் இவன் சமைக்க வேண்டும்," என்று முந்திக்கொண்டார் அமைச்சர் ஆவுடையார். கூத்தப்பனின் இடத்தில் தம் மைத்துனனை உட்காரவைக்கத் துடிப்பவர் அவர்.

விறகு வந்தது. கூத்தப்பன் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தான். காய்ந்திருந்தால் 'டங்' என்று கேட்கும். இவை 'தொப்' என்றன. காலையில் வெட்டிய மரம்! இதை மூட்டினால் சூடெல்லாம் உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டவே செலவாகும். வெட்டுமுனையில் நுரை கொப்பளிக்கும், புகை கண்ணைக் கரிக்கும், பானை மட்டும் குளிர்ந்தே இருக்கும். கூத்தப்பன் அமைச்சரிடம் திரும்பினான்.

"ஐயா, இது விறகில்லையே?"

"மரம்தானே? வெட்டியதுதானே? அப்படியென்றால் விறகுதான்," என்றார் அமைச்சர், அரசர் காதுபடவே.

"உங்களிடம் உள்ள வேறு விறகை எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக!" தம் விறகுக் கொட்டகையில் இருப்பதும் பச்சை மரம்தான் என்று அமைச்சர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில், கூத்தப்பன் அனுப்பிய நான்கு காவலர்கள் ஒரு பெரிய பலகையைச் சுமந்துவந்து அடுப்பருகே வைத்தார்கள். கூத்தப்பன் கோடாலியை ஓங்கினான்.

"அடேய்! அது என் மாமனார் கொடுத்த தேக்கு ஊஞ்சலடா!"

"மரம்தானே, ஐயா? வெட்டியதுதானே? நன்றாகக் காய்ந்தும் இருக்கிறது. தட்டிப் பாருங்கள்."

"மரமெல்லாம் விறகாகிவிடுமா? பிளந்து, வெயிலில் உலர்த்தி, எரிக்கவென்றே ஒதுக்கி வைத்தால்தானடா விறகு!"

கூத்தப்பன் கோடாலியை மெல்ல இறக்கினான். "அரசே, கேட்டீர்களா? உலர்த்த வேண்டுமாம். அப்படியானால் அமைச்சர் எனக்கு இன்னும் விறகே தரவில்லை."

அரசர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அரண்மனையின் உலர்ந்த விறகு வந்தது, பொங்கலும் பொங்கியது. கூத்தப்பன் தோளில் தம் பட்டுச் சால்வையைப் போர்த்திய அரசர், அமைச்சரிடம் ஊதுகுழலை நீட்டினார்.

"உமக்கும் ஒரு பானை பொங்கல். உம்முடைய விறகிலேயே."

ஆவுடையார் கன்னம் புடைக்க ஊதினார். அடுப்பு சீறியது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது.

கூத்தப்பன் வாய் நிறையப் பொங்கலோடு எட்டிப்பார்த்தான். "விடாதீர்கள், ஐயா! மரம் அழுகையை நிறுத்தியதும் அரிசி வெந்துவிடும்."

பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அரசருக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.