கண்ணை மூடினால் இருட்டு

அந்த மடத்தில் சிலை கிடையாது. மண் மேடையில் ஒரு வேல் நிற்கும், அவ்வளவுதான். குழந்தை முருகனை அவரவர் மனசுக்குள்தான் பார்க்க வேண்டும். மனசுக்குள்ளேயே குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, பூச்சூட்டி, சோறூட்டி, தீபமும் காட்ட வேண்டும். அதற்கு மானசீக பூஜை என்று பெயர்.

உபதேசம் வேண்டுகிறவர்கள் மார்கழிப் பௌர்ணமி அன்று குருவுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, உள்ளே நடக்கும் பூஜையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூஜை முடிந்ததும் மூத்த சீடர் மணி அடிப்பார். மணி அடித்தால் குரு காதில் மந்திரம் சொல்லுவார். அடிக்காவிட்டால் எழுந்து போய்விட வேண்டியதுதான்.

குருவின் பெயர் சின்னத்தாய். நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. மணி அடிக்கிறவர் சங்கரநயினார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பௌர்ணமிக்கு முந்தின நாள், மத்தியானச் சோறு முடிந்த நேரம். உலகம்மை விறுவிறுவென்று வந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் குருவுக்கு முன்னால் டொக்கென்று வைத்தாள். அவள் குருவைவிட வயதில் மூத்தவள். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். புருஷன் போய் ஒரு வருஷம் ஆகிறது.

"என்னக்கா இது?" என்றார் குரு.

"எலுமிச்சங்கா ஊறுகா."

"எதுக்கு?"

"நீங்க பாக்கச் சொன்ன பழந்தான் அம்மா. ஆடி மாசத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணு வாடுனா இன்னொண்ணு. வாடுனது போக மிச்சத்தையெல்லாம் இன்னைக்கு அரிஞ்சு உப்புப் போட்டுட்டேன். இனிமே பாக்கமாட்டேன்."

பழத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். மூடின கண்ணுக்குள்ளும் அந்தப் பழம் தெரிய வேண்டும். பழம் வந்துவிட்டால் அடுத்து விளக்கு. விளக்கும் வந்துவிட்டால் முருகன். புதிதாக வருகிற எல்லோருக்கும் அங்கே அதுதான் பாடம்.

"பழம் தெரியலையா?"

"பழம் எலுமிச்சம்பழம்னு தெரியும். மஞ்சளா உருண்டையா இருக்கும்னு தெரியும். காம்புகிட்ட ஒரு சொட்டை இருந்தது, அதுவும் தெரியும். ஆனா பாக்க முடியல. கண்ண மூடுனா இருட்டு. அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்ச மாதிரி இருட்டு."

"விளக்கைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கண்ண மூடுனா பச்சையா ஒரு பொட்டு வருது. வருதுன்னு அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். ஆகா, ஆரம்பிச்சிருச்சுன்னாரு. என்னத்த ஆரம்பிச்சிருச்சு? தெருவுல வெல்டிங் வைக்கிறதப் பாத்தாலும் அந்தப் பொட்டு வரும். அதுக்கு எதுக்கு நான் மடத்துக்கு வரணும்?"

வாசலில் செருப்பை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்த சங்கரநயினார் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா உலகம்மை, குருகிட்டப் பேசுற பேச்சா இது?"

"நீங்க பேசுன பேச்சத்தான் சொல்ல வந்திருக்கேன் அண்ணாச்சி. உள்ள வாங்க, உங்க முன்னாடியே சொல்லுதேன்."

அவர் உள்ளே வரவில்லை. செருப்பு இன்னும் கொஞ்சம் ஒழுங்காக வேண்டியிருந்தது.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் குரு.

"மனசு கல்லா இருந்தா உருவம் பதியாதுன்னாரு. எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரு அம்மா. அந்தக் கோமதி சின்னப் பொண்ணு, என்னைப் பாத்துத் தலையக் குனிஞ்சுக்கிட்டா. பாவம்னு நெனச்சிருப்பா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டேன். மயில் தெரியுது, கிரீடம் தெரியுது, கடுக்கன்ல இருக்கிற கல்லு மின்னுறதுகூடத் தெரியுதுன்னாரு. கேட்டா அச்சு அசல் காலண்டர்ல இருக்கிற முருகன். சரி, அவருக்குத் தெரியுது. நல்லா இருக்கட்டும். எனக்குத் தெரியலன்னா நான் கல்லா?"

குரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உப்பு இன்னும் கரையவில்லை.

உலகம்மை உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"கண்ணுக்குள்ளயே நிக்குது, கண்ணுக்குள்ளயே நிக்குதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அதெல்லாம் சும்மா பேச்சுன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். வயிறு எரியுதுன்னு சொல்லுதோம், உள்ள அடுப்பா எரியுது? அது மாதிரின்னு. இங்க வந்தப்புறந்தான் தெரியுது, உங்க எல்லாருக்கும் நெசமாவே நிக்குதுன்னு. எனக்கு மட்டும் யாரும் சொல்லல. இது என்ன நியாயம்?"

"யாருக்குக்கா உங்ககிட்டச் சொல்லத் தோணும்? எல்லாருக்கும் தெரியும்னுதானே நினைப்பாங்க."

"நெனப்பாங்க. நெனச்சுக்கிட்டு, தெரியாதவளக் கல்லுன்னும் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரரு போன பதினாறாம் நாளு, என் நாத்தனா கேக்கா, எங்கண்ணன் மொகம் உனக்குக் கண்ணுக்குள்ள வருதா மதினின்னு. எனக்குப் பொய் சொல்லத் தெரியல. வரலன்னுட்டேன். அவ ஒரு பார்வை பாத்தா. அன்னையில இருந்து அந்த வீட்டுல எனக்கு அதுதான் பேரு. புருஷன் மொகத்தையே மறந்தவ."

"போட்டோ இருக்கா?"

"போன்ல இருக்கு. பாத்தா அவருதான்னு தெரியுது. ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் கண்டுபிடிச்சிருவேன். போன அணைச்சா போயிருதாரு. அதுக்குத்தான் அம்மா இங்க வந்தேன். ஒரு பழத்தப் பாக்கப் பழகிட்டா, ஒரு விளக்கப் பாக்கப் பழகிட்டா, முருகனப் பாத்திரலாம். முருகனையே பாத்துட்டா, அந்த மனுசனையும் ஒரு தடவ பாத்திரலாம்னு. இப்ப நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி உக்காந்து, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லணும். இவரு மணி அடிக்காம நிப்பாரு. அதோட ஊருக்கே தெரிஞ்சு போகும், உலகம்மைக்கு மனசே இல்லன்னு."

வெளியே செருப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

குரு கேட்டார். "இப்பவும் நீங்கதான் வீட்ல சமைக்கீங்களா?"

"பின்ன யாரு?"

"சோறு எப்படி வடிப்பீங்க?"

உலகம்மைக்கு இன்னும் கோபம் வந்தது. நான் என்ன கேட்கிறேன், நீ என்ன கேட்கிறாய் என்று முகத்திலேயே எழுதி இருந்தது.

"குழைய விட்டுத்தான் வடிப்பேன்."

"உங்களுக்குக் குழைஞ்சாப் பிடிக்குமா?"

"எனக்கு வெறைப்பா இருக்கணும். அவருக்குத்தான் குழையணும். பல்லு செரியில்ல அவருக்கு."

சொல்லிவிட்டு உலகம்மை வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் முன்னைவிட வேகமாகப் பேசினாள்.

"அது பழக்கம். அதப் போயி நாளைக்குச் சொல்ல முடியுமா? சோறு குழையுது, மணி அடிங்கன்னு?"

"பழத்தைப் பாக்கச் சொன்னது நான். அது உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இல்ல. தப்பு என்னுதுதான்."

"தப்புன்னா நாளைக்கு என்னை விட்டுருங்க."

"அது எப்படி விடுவேன்? நாளைக்கு வந்து பூஜை பண்ணுங்க."

"கண்ணு தெரியாம எப்படிப் பண்ண?"

"எப்படின்னு நான் சொல்லமாட்டேன்க்கா. நான் சொல்லித்தான் ஆடியில இருந்து வீணாப் போச்சு."

உலகம்மை பாட்டிலை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். "தெனம் குலுக்கி வைங்க, இல்லன்னா பூசணம் பிடிச்சிரும்" என்று வாசலில் இருந்து சொன்னாள். அதையும் கோபமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் பொழுது சாயும்போது கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மார்கழிக் குளிர் தரையிலிருந்து ஏறியது. வேலுக்கு முன்னால் விளக்கு. விளக்குக்கு இந்தப் பக்கம் குரு. அவருக்குப் பக்கத்தில் வெண்கல மணியோடு சங்கரநயினார்.

முதலில் கோமதி. கண்ணை மூடினாள். "தாமரைக் குளம் தெரியுது. நடுவுல முருகன் நிக்கான். பொன் குடத்துல பால் ஊத்துறேன். பால் அப்படியே நிலா மாதிரி வழியுது. பச்சைப் பட்டு உடுத்துறேன். மல்லிப்பூ, சம்பங்கி, செவ்வரளி. சர்க்கரைப் பொங்கல். தீபம்."

குரு தலையசைத்தார். மணி அடித்தது. குரு போய் அவள் காதில் மந்திரம் சொன்னார். கோமதியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பொய் இல்லாத கண்ணீர்.

இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். பன்னீர், சந்தனம், மயில் தோகை. இரண்டு தடவையும் மணி அடித்தது.

அப்புறம் உலகம்மை.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. மொதல்லயே சொல்லிருதேன். அப்புறம் அவ ஏமாத்திட்டான்னு பேச்சு வரக்கூடாது."

யாரோ சிரித்தார்கள். குரு சிரிக்கவில்லை.

"பிள்ளை சிவப்பா, கறுப்பா, தெரியாது. குண்டா, ஒல்லியா, அதுவும் தெரியாது. இங்க நிக்கான்னு நீங்க சொல்லுதீங்க. சரி, நிக்கான். இந்தக் குளிருல எப்படிப் பச்சைத் தண்ணி ஊத்துவேன்? வென்னி வச்சேன். பச்சைத் தண்ணி விட்டு விளாவுனேன். முழங்கைய விட்டுப் பாத்தேன். சுட்டுச்சு. இன்னொரு செம்பு விட்டேன்."

அவள் கை உண்மையாகவே தண்ணீரை அளைந்தது.

"மானசீகத்துல கை அசையக்கூடாது" என்றார் சங்கரநயினார்.

"அசையட்டும்" என்றார் குரு.

"எண்ண தேச்சேன். காலு ரெண்டையும் நீட்டிப் பிள்ளையக் கால் மேல போட்டுக்கிட்டேன். நிக்க வச்சு ஊத்துனா வழுக்கிரும். சீயக்கா கண்ணுல போயிரக் கூடாதுன்னு நெத்தியில கைய அணை கட்டி ஊத்துனேன். கத்துச்சா, கத்தலையா, தெரியல. எல்லாப் பிள்ளையும் கத்தும். இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டே ஊத்துனேன்."

சிரித்தவர்கள் இப்போது அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தல துவட்டுனேன். காதுக்குள்ள தண்ணி நிக்கும், துணியத் திரிச்சு எடுத்தேன். கழுத்து மடிப்புல ஈரம் இருக்கான்னு தொட்டுப் பாத்தேன். சாம்பிராணி போட்டு, தலைய அதுக்கு மேல காட்டுனேன், நெஞ்சுல சளி கட்டிரக் கூடாதுல்ல. பழைய வேட்டியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டேன்."

அவள் வலது கை தன் இடது தோள் பக்கம் போய் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டுவது அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் போயிற்று.

"அப்புறம்?" என்றார் சங்கரநயினார். அவர் குரலே கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்புறம் என்ன. தூங்கிருச்சு."

"பட்டு?"

"வேட்டிதான் சுத்தியிருக்கேன்."

"கிரீடம், ஆபரணம்?"

"தூங்குத பிள்ளைக்கு யாராவது கிரீடம் வைப்பாங்களா அண்ணாச்சி? குத்தாதா?"

"நைவேத்தியம்? தீபம்?"

"முழிச்சதும் பாத்துக்கலாம்."

உலகம்மை கண்ணைத் திறந்தாள். கோபமும் பயமும் கலந்து குருவைப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் அம்மா எனக்கு வரும். இருட்டுக்குள்ள என்ன செய்ய முடியுமோ அதச் செஞ்சேன். மொகம் தெரியல. இப்பவும் தெரியல. நான் கல்லுன்னா கல்லுன்னு சொல்லிருங்க, எந்திரிச்சுப் போயிருதேன்."

சங்கரநயினார் மணியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அடிப்பதா, கீழே வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முறை தெரிந்தவர், முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"அலங்காரம் ஆகல. தீபம் ஆகல. பூஜை பாதியில நிக்குது. மணி அடிக்கவா, வேண்டாமா? அம்மாதான் சொல்லணும்."

குரு எழுந்தார். மணியின் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கித் துணி மேல் படுக்க வைத்தார்.

உலகம்மையின் முகம் வாடியது. எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள்.

குரு அடிமேல் அடி வைத்து அவளிடம் வந்து, தோளைத் தொட்டு உட்கார வைத்து, அவள் வலது காதுப் பக்கம் குனிந்தார்.

சங்கரநயினார் பதறிப்போனார். "மணி அடிக்காம உபதேசமா? அது எப்படி அம்மா?"

குரு உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு."