மழைக்கு மேலே போன புகை

அந்தக் காலத்தில் மலையும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடும். கடலோரத்து நெருப்புமலை ஒன்றின் அடிவாரத்தில் வெள்ளத்தாய் என்பவள் உப்பு விளைத்தாள். பாத்தி மிதிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் களிமண் போட்டு மிதித்த தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

மலையின் விலாவில் ஒரு பொந்து. அதன் வழியாகத்தான் மலை மூச்சுவிடும். புகை தாழ்வாகச் சுற்றி அடுத்த மழையில் கரைந்துவிடும். ஆனால் சாம்பல் பாத்தியில் விழுந்து உப்பைக் கறுக்க வைத்தது. கறுத்த உப்பை யார் வாங்குவார்கள்? இரண்டு வருஷ விளைச்சலும் கடலுக்கே போனது. மூன்றாவதும் போனால் அவள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

ஒரு காலையில் களிமண் கூடையோடு மலையேறினாள்.

"அண்ணாச்சி, இந்தப் பொந்தை அடைக்கப் போறேன்."

"வேண்டாம் தாயி. எனக்கு மூச்சு முட்டும்."

"உங்க மூச்சுதான் என் சோத்துல மண்ணைப் போடுது."

பாத்தி மிதிக்கிற மாதிரியே மிதித்து அடைத்தாள். தண்ணீரைத் தடுக்கிற மண் மூச்சையும் தடுத்துவிடும் என்று நம்பினாள். அந்தப் பங்குனியில் உப்பு வெள்ளைவெளேரென்று விளைந்தது. மலை முனகியது அவள் காதில் விழாமல் இல்லை.

சித்திரையில் மலையின் உச்சி பிய்த்துக்கொண்டு போனது. புகை மேகத்தையும் தாண்டி ஏறி, மெல்லிய திரையாக வானம் முழுக்கப் பரவியது. வெயில் இளைத்தது. பாத்தியில் விட்ட தண்ணீர் வற்றவே இல்லை.

"மழை வந்தா கரைஞ்சிராதா அண்ணாச்சி?"

"அது மழைக்கு மேலே போயிட்டு தாயி. தானா இறங்க ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

ஆவணி முடிகையில் வடக்கிலிருந்து ஒரு பூநாரை எலும்பும் தோலுமாக வந்து இறங்கியது.

"அங்கே கோடையிலேயே குளிர் நடுக்குது. மழையும் ஏமாத்திட்டு. நெல்லு பால் பிடிக்கலை, பிள்ளைங்க பட்டினி கிடக்கு."

"என்னை ஏசுறாங்களா?" என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

"உன்னை யாருக்குத் தெரியும்? இப்படி ஒரு மலை இருக்கதே அவங்களுக்குத் தெரியாது. எந்தச் சாமிக்கு என்ன குறை வச்சோம்னு அழுறாங்க."

தன் உப்பு போனதற்கு அழாதவள் அதைக் கேட்டு உடைந்து அழுதாள். பிறகு மலையேறி, பொந்தில் மிச்சமிருந்த களிமண்ணை நகம் பெயரப் பெயரத் தோண்டிப் போட்டாள். மலை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மேலே போன புகை மட்டும் திரும்பவில்லை.

அன்று முதல்தான், எங்கோ ஒரு நெருப்புமலை மூச்சடைத்துப் பெரிதாக வெடித்தால், அதைக் கண்ணால் கண்டிராத ஊர்களில் வெயில் தணிகிறது, மழை தடுமாறுகிறது, அந்தி வானம் வழக்கத்தைவிடச் சிவக்கிறது. அங்கே இருப்பவர்கள், தாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அண்ணாந்து பார்க்கிறார்கள்.