புங்கமரத்துக்குக் கட்டின மேடை

ஒரு ஊர்ல ஒரு தெரு, தெரு நடுவுல ஒரு பெரிய புங்கமரம். மரத்துக்கு எதிர் வீட்டுல சீனியம்மான்னு ஒருத்தி இருந்தா. அவ வீட்டுக்காரர் சுடலைமுத்து, கொத்தனார். ம் சொல்லு... ம்.

அந்த மரம்னா தெருவுக்கே உசுரு. "இவ்ளோ நிழல் தருது, இதுக்கு நாம ஒண்ணும் செய்யலையே"ன்னு சீனியம்மாதான் ஆரம்பிச்சா. சுடலைமுத்தும் மரத்தச் சுத்தி வட்டமா சிமெண்ட் மேடை கட்டி, வழவழன்னு டைல்ஸ் பதிச்சார். மரத்த ஒட்டி விரல்கூட நுழையாது, அவ்ளோ சுத்தமான வேலை.

அப்புறம் மறு வருஷம் சித்திரையில, தளதளன்னு துளிர்க்க வேண்டிய மரம் இலையப் பொலபொலன்னு கொட்டுது. பூச்சியா இருக்கும்னு வேப்பெண்ணெய் கரைச்சு அடிச்சாங்க. கேக்கல. அப்புறம் கண்ணு பட்டிருக்கும்னு பூசணிக்காய் சுத்தி உடைச்சாங்க. கேக்கல. அப்புறம் தாகமா இருக்கும்னு வீட்டுக்கு ஒரு குடம் ஊத்திட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போனாங்க. அதுக்கும் கேக்கல.

ஒருநாள் மத்தியானம். காத்து துளிகூட இல்ல. சீனியம்மாவோட பேத்தி கிளையில கட்டின தூளியில தூங்கிட்டிருந்துச்சு. சிணுங்குச்சேன்னு சீனியம்மா தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வாசல் ஏறினா. அப்போ பின்னாடி மடமட... படார். திரும்பினா, தூளியோட கிளை கீழ கிடக்கு. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா.

ம்... பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, நீ பயப்படாத.

தெரு கூடிடுச்சு. "நாளைக்கே வெட்டிரணும்"னாங்க.

மறுநாள் காலைல, வெட்ட ஆள் வர்றதுக்கு முன்னாடி, சீனியம்மா கடைசியா ஒரு குடம் ஊத்தினா. மனசு கேக்காம அங்கேயே நின்னா. அப்போதான் பாத்தா. தண்ணி டைல்ஸ் மேல சளசளன்னு ஓடி, நேரா சாக்கடையில விழுது. ஒரு சொட்டு உள்ள போகல. அப்போ இத்தனை நாள் ஊத்தினதெல்லாம்?

கடப்பாரைய எடுத்துட்டு வந்து ணங்கு ணங்குன்னு மேடைய இடிச்சா. சுடலைமுத்து ஓடி வந்தார்.

"என்ன புள்ள பண்ற?"

"உள்ள பாருங்க."

குனிஞ்சார். மண்ணு சாம்பலா வறண்டு கிடக்கு. வேரெல்லாம் சுருண்டு கிடக்கு. "நாமளே கழுத்த நெரிச்சிருக்கோம், சீனி"ன்னு சொல்லிட்டு, கடப்பாரைய அவகிட்டருந்து வாங்கிக்கிட்டார்.

அப்புறம் தெருவே சேர்ந்து இடிச்சுது. வெட்ட வந்த ஆளும் கோடாலியக் கீழ வச்சிட்டு கல்லு அள்ளினான். குடம் குடமா ஊத்தினப்போ மண்ணு குபுகுபுன்னு குடிச்சுது. எல்லாரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு நின்னாங்க.

காஞ்ச பாதி காஞ்சதுதான், அத அறுத்து எடுத்துட்டாங்க. மிச்சப் பாதியில ஆடி மாசம் பச்சை எட்டிப் பாத்துச்சு. அன்னைக்கு மரத்தடிக்கு வந்த சுடலைமுத்து, வேர மிதிச்சிருவோமோன்னு தள்ளி நின்னே அண்ணாந்து பாத்தாராம்.

அவ்ளோதான் கண்ணு, கதை அந்த நிழல்லயே படுத்துக்கிச்சு. நீயும் கண்ண மூடு.