கோல் தொட்டவன்

மாசிலாமணிக்கு முதலில் துரோகம் செய்தவர் சபையை நடத்துகிற மூப்பர் அருமைநாயகம். மற்றவர்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முழுவதும் கேட்கும்படி மாசிலாமணியின் பெயரை வாசித்து, "இவன் இனி நம் மேசைக்கு உரியவன் அல்ல" என்று சொன்னது அந்த வாய். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவருக்கு வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே வாய்தான். அதனால் வலி இரட்டிப்பு.

எலுமிச்சைத் தோப்புகளுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட ஜெபவீடு. இருபது குடும்பம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். வளர்ந்தவன் தானாக வந்து கேட்க வேண்டும். மேசை என்றால் அவர்களுக்குத் திருவிருந்து: ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லோரும் தின்பது. கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டார்கள். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போக மாட்டார்கள்; தடியோ துப்பாக்கியோ கையில் எடுக்க மாட்டார்கள். 'கோல் தொடாத சபை' என்று சுற்று வட்டாரத்தில் பெயர்.

மாசிலாமணி தொட்டார். அப்பா செத்திருந்தார். கீழே மூன்று தங்கைகள். போலீசுக்கு ஆள் எடுத்தார்கள்; உயரம் இருந்தது, ஓடினார், வேலை கிடைத்தது.

"அந்த உடுப்பைப் போட்டா இந்த மேசைக்கு வர முடியாது, மாசிலா" என்றார் மூப்பர்.

"எங்க வீட்டுல உலை வைக்கணுமே, ஐயா?"

மேசையைக் காட்டத் தெரிந்தவருக்கு அடுப்புக்கு வழி சொல்லத் தெரியவில்லை.

அதுகூடப் பெரிதில்லை. பெரியது பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தது.

தோப்பு வழியாகப் பாதை விடுவதில் சபைக்கும் ஊருக்கும் தகராறு. ஒரு பங்குனி மாதம், பட்டப்பகலில், நூறு பேர் மண்ணெண்ணெய் டின்னோடு ஜெபவீட்டைக் கொளுத்த வந்தார்கள். தபால்காரர் சொல்லித்தான் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்ததாக ஊரில் பேச்சு. வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. மூன்றாவது ஆள் மாசிலாமணி. வாசற்கதவை முதுகால் அடைத்துக்கொண்டு தனியாக நின்றார். முதலில் டின்னைத் தூக்கிய கொம்பையாவின் வலது மணிக்கட்டில் லத்தி விழுந்தது. எலும்பு ஒடிந்த சத்தம் கேட்டுக் கூட்டம் கலைந்தது.

அடுத்த ஞாயிறு உள்ளே அப்பம் பிட்டார்கள். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கியா?" என்றுகூட யாரும் கேட்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து பத்து வருஷம் ஆகிறது. மனைவி போய்விட்டாள். பிள்ளை இல்லை. தங்கைகள் தங்கள் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அதே கடைசி பெஞ்சு. "கோலைத் தொட்டது தப்பு" என்று எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். மாசிலாமணி சொல்லவில்லை. முதலில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வரட்டும்.

என்ன வார்த்தை என்பதும் அவருக்குத் தெரியும். அப்பம் பிடுவது வருஷத்துக்கு இரண்டு முறை. அதற்கு முந்தின நாள் ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க வேண்டும்: "என் மேல் உனக்கு மனத்தாங்கல் ஏதும் உண்டா?" உண்டு என்றால், அது தீரும்வரை கேட்டவர் மேசைக்குப் போகக் கூடாது. இருபது குடும்பமும் அன்றைக்குத் தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும். மாசிலாமணி வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். அவர்தான் மேசைக்கு வெளியே இருக்கிறவராயிற்றே. அவர் அன்று சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு, சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். மாசிலாமணி விழவில்லை, ஆனால் புதன்கிழமைதோறும் மூப்பர் வீட்டுக்குப் போனார். மூப்பருக்கு எண்பத்தாறு வயது, கண் மங்கிவிட்டது. மாசிலாமணி தண்ணீர் இறைத்து வைப்பார், வேதம் வாசிப்பார், பிறகு கேள்வி கேட்பார். கோபம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம்.

அந்தப் புதன்கிழமை கேட்டார்:

"ஐயா, போலீசு தேவையா, இல்லையா?"

"தேவைதான். உலகம் அப்படி இருக்கு."

"அப்ப அந்தக் கோலை யாராவது பிடிக்கணுமே?"

"பிடிக்கத்தான் செய்வாங்க."

"நாம பிடிக்கக் கூடாது."

"கூடாது."

"நாத்தம் பிடிச்ச வேலைக்கு வேற ஆளு, அப்பம் திங்க நாமளா? நல்லா இருக்கே ஐயா நியாயம்!"

மூப்பர் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு.

"உனக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கவே கூடாதுலே."

"பதில் சொல்லுங்க."

மூப்பர் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இந்த ஞாயிறு அப்பம் பிடுற நாளு. தட்டு சுத்தி வரும்போது நீ என்ன செய்வே?"

"தலையைக் குனிஞ்சிக்கிடுவேன். எல்லாரும் திங்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்களா?"

"இந்தத் தடவை பாரு" என்றார் மூப்பர்.

சனிக்கிழமை வழக்கம்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல் யாரும் வரவில்லை.

ஞாயிறு தலை நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்து வலித்தது. தட்டு பெஞ்சு பெஞ்சாக வந்தது. ஒருவர் பிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தார். வாய்கள் அசைந்தன. தட்டு முன்னே திரும்பிப் போய் மூப்பர் கைக்கு வந்தது. மூப்பர் அதைத் துணியால் மூடிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாய் அசையவில்லை.

கூட்டம் முடிந்ததும், அப்பம் சுடுகிற தங்கபுஷ்பத்தைக் கிணற்றடியில் பிடித்தார். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூப்பருக்கு உடம்புக்கு என்ன? அப்பம் எடுக்கலையே?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க இந்த ஊர்லதானே இருக்கீங்க? அவருக்குன்னு நான் மாவு பிசையறதே கிடையாது. எங்க அத்தை சுடுற காலத்துலேயே கிடையாது."

"ஏன்?"

"கேட்டா, பல்லுல ஒட்டுதும்பாரு. இப்ப பல்லே இல்ல, அதையேதான் சொல்லுதாரு." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "ஊருக்கே தெரியும். குனிஞ்ச தலைக்கு எப்படித் தெரியும்?"

மாசிலாமணி திரும்பவும் உள்ளே போனார். ஜெபவீடு காலியாக இருந்தது. மூப்பர் மட்டும் முன் பெஞ்சில், கைத்தடிக்காகத் தடவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி அதை எடுத்துக் கொடுக்காமல் எதிரே நின்றார்.

"எத்தனை வருஷமா?"

"அந்தப் பங்குனியிலேருந்து."

"முப்பத்துமூணு வருஷமா! ஏன்?"

"அன்னைக்கு ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினது நான்தான்."

"தபால்காரர்னாங்க."

"நம்ம சபைப் பாலையாவைச் சைக்கிள்ல அனுப்பினேன். 'சீக்கிரம் போலே'ன்னு கத்தினேன். அவன் செத்துட்டான். வேற யாருக்கும் தெரியாது." துணியால் மூடிய தட்டு முன்பு இருந்த இடத்தையே மூப்பர் பார்த்தார். "கோலை நீ பிடிச்சிருந்தே. அடிச்சது நான்."

"அப்ப என் பேரை மட்டும் ஏன் இன்னும் வெளியே வச்சிருந்தீங்க?"

"நீ அடிச்சிட்டு, அடிச்சது சரின்னு சொல்லுதியே. சரின்னு நானும் சொல்லிட்டா, இந்தச் சபையில தப்புன்னு சொல்ல ஆளு வேணாமா?"

"அதைச் சொல்லிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாமே, ஐயா! ஒரு நாள்! ஒரே ஒரு நாள் அந்தக் கடைசி பெஞ்சுல..."

குரல் உடைந்தது. முப்பத்தைந்து வருஷம் உடுப்புப் போட்டவர், எத்தனை பேரை உட்கார வைத்து அழவிட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காந்திருக்கணும்" என்றார் மூப்பர். "பயமா இருந்துச்சு."

கூரையில் ஒரு ஓடு நகர்ந்து வெயில் தரையில் விழுந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சரி" என்றார் மாசிலாமணி. "போனது போகட்டும். இப்ப கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"சனிக்கிழமை ஊரெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் கேக்குதாங்களே, அந்தக் கேள்வி. 'என் மேல உனக்கு மனத்தாங்கல் உண்டா?' வருஷத்துக்கு ரெண்டு தடவை நாற்காலி போட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு வரவேண்டியது அது. இப்பக் கேளுங்க. இங்கேயே கேளுங்க."

மூப்பர் குனிந்து, தானே தடவிக் கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

"கேக்க மாட்டேன், மாசிலா."

"ஏன்?"

"கேட்டா, நீ இல்லைன்னு சொல்லிருவே. உன் குரல்லயே தெரியுது. அப்புறம் நான் மேசைக்குப் போகலாம். நாளைக்கு நீயும் எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொன்னா, நீயும் வரலாம். ரெண்டு கிழவனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து அப்பம் திங்கலாம்."

"அதுல என்ன தப்பு?"

"கொம்பையா கொத்தனாரா இருந்தான். அன்னைக்கு ஒடிஞ்ச அந்தக் கை கொத்துக்கரண்டி பிடிச்சி முப்பத்துமூணு வருஷம் ஆச்சு. அவன் வாசல்ல போய் யாரு இதுவரைக்கும் கேட்டோம்?"

மாசிலாமணி, அன்றைக்குத் தான் முதுகால் அடைத்து நின்ற வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வரவேண்டிய கேள்வி இன்னும் வரவில்லை; கொம்பையாவுக்கும் வரவில்லை.